மலை தள்ளிவிடும், சமவெளி சோதிக்கும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஆண்டுதோறும் நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் கல்விச் சுற்றுலா பற்றிய தாள் ஒன்று ஒட்டப்படுகிறது. இடங்களின் பெயர்களை ஆவலுடன் படிக்கிறோம். அடுத்த வரியில் உள்ள தொகையைக் கண்டதும் வகுப்பில் பாதிப் பேர் மெல்ல விலகிக்கொள்கிறோம். ‘ஊரில் திருவிழா’, ‘வீட்டில் வேலை’ என்று காரணங்கள் சொல்லப்படும். உண்மைக் காரணம் பணம். பாதி வகுப்பை விட்டுவிட்டுச் செல்வது சுற்றுலாவாக இருக்கலாம். கல்விச் சுற்றுலா ஆகுமா?

இதற்கு மாற்று நம் வீட்டுத் திண்ணையில்தான் சாய்ந்து நிற்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா சைக்கிளைத்தான் சொல்கிறேன். கடந்த பொங்கல் விடுமுறையில் எங்கள் வகுப்பினர் பன்னிருவர், பேராசிரியர் ஒருவரும் பேராசிரியை ஒருவரும் உடன்வர, உதகையிலிருந்து பவானி வரை மூன்று நாள் சைக்கிளில் சென்றோம். மேட்டுப்பாளையத்தில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாக மலையேறும் லாரி ஒன்று எங்கள் சைக்கிள்களைச் சுமந்து சென்றது. நாங்கள் அரசுப் பேருந்தில் ஏறினோம்.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர், பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்கிவிடுகிறோம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 75 கிலோ என்றால், இழக்கும் நிலையாற்றல் சுமார் 14 லட்சம் ஜூல். நான்கரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது! அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மீதியை பிரேக் கட்டைகளும் ரிம்மும் வெப்பமாக ஏற்க வேண்டும். சில கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஒருமுறை நின்று ரிம் ஆறும்வரை காத்திருந்தோம். வகுப்பில் மனப்பாடம் செய்த ஆற்றல் அழிவின்மை விதி, அன்று விரல் நுனியில் சுட்டது.

ஆயினும் மலையில் நாங்கள் ஒரு குழுவாக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் தத்தம் பிரேக்கையும் எதிர்வரும் வளைவையும் மட்டுமே கவனித்தோம். புவியீர்ப்பு எல்லாரையும் தனித்தனியே இழுத்துவந்து கீழே சேர்த்தது.

சோதனை இரண்டாம் நாள் தொடங்கியது. சிறுமுகை தாண்டி, 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையை நோக்கிக் கிழக்கே திரும்பினோம். தை மாதக் கீழ்க்காற்று நேராக முகத்தில் அறைந்தது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன்மீது அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், காற்றுத் தடை நான்கு மடங்காகும். இறக்கமும் இல்லை, நிழலும் இல்லை. காலையில் சிட்டாய்ப் பறந்த இருவர் அணைக்கு முன்பே களைத்து அமர்ந்துவிட்டனர்.

பேராசிரியை அம்மையார் அப்போது ஒரு விதி வகுத்தார். குழுவில் மெதுவாகச் செல்பவரின் வேகமே எல்லாருடைய வேகம். முன்னால் செல்பவர் காற்றைப் பிளக்கட்டும். மற்றவர் அவர் பின்னே ஒருவர் பின் ஒருவராக வரட்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னவர் பின்னே போகட்டும். அதன்பின் ஒருவரும் பின்தங்கவில்லை. சத்தியமங்கலம், கோபி வழியாக மூன்றாம் நாள் மாலை, பவானியாறு காவிரியோடு கலக்கும் கூடுதுறையில் பன்னிருவரும் ஒன்றாகவே இறங்கினோம்.

‘படிக்கப் போனவனுக்கு எதுக்குடா சைக்கிள்?’ என்று கேட்டார் என் தந்தை. இருபது ஆண்டுகளாகச் சைக்கிளில் பாத்திரம் கட்டி ஊர் ஊராக விற்பவர் அவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சைக்கிளிலிருந்து மகன் இறங்கிவிட வேண்டும் என்பதே அவர் கனவு. அக்கனவை நான் மதிக்கிறேன். ஆனால் சைக்கிள் வறுமையின் சின்னம் என்ற எண்ணத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. அவர் நாள்தோறும் எதிர்க்கும் காற்றின் கணக்கை நான் அன்றுதான் உடலால் அறிந்தேன். பட்டம் பெறுவது அவ்வுழைப்பை மறப்பதற்காக அன்று.

‘மாணவியருக்கு இது ஒத்துவருமா?’ என்பாரும் உளர். எங்கள் பன்னிருவரில் நால்வர் மாணவியர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுச் சாலைக்கு வந்தார்கள். கேள்விக்கு விடை அப்போதே கிடைத்துவிட்டது.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதே. பெற்றோர் இசைவுக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, புது பிரேக் கட்டை, தலைக்கவசம், பகலில் மட்டும் பயணம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கலாம். தங்குவதற்கு வழியிலுள்ள அரசுப் பள்ளிகளை முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

ஆகவே, துறைக்கு ஓர் அணியாக ஆண்டுக்கொரு சைக்கிள் பயணத்தைக் கல்லூரியே நடத்த வேண்டும் என்று முதல்வர் அவர்களையும் பேராசிரியப் பெருமக்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாணவ நண்பர்களே! நம்மில் பலரை உதவித்தொகையும் ஆசிரியர்களின் அன்பும் இதுவரை தள்ளிக்கொண்டு வந்துள்ளன. பட்டத்திற்குப் பின் வரப்போவது சமவெளி. அங்கே முறைவைத்து முன்னே சென்று காற்றை வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை இங்கேயே, இப்போதே கற்போம்.