மூச்சுக்கு முந்திய ஊசி

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். அன்றைய மருத்துவம் அறிந்த அனைத்தும் செய்யப்பட்டும் மூச்சுத்திணறலால் 39 மணி நேரத்தில் இறந்தான். அத்தகைய குழந்தை இன்று தருமபுரியிலேயே பெரும்பாலும் பிழைத்துவிடும். ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்பார்கள், அது உண்மையன்று. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு வலுவே சேர்க்கிறது.

மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள். ஏறத்தாழ 34, 35 வாரங்களில்தான் அது போதிய அளவில் சுரக்கிறது. அதற்கு வெகுமுன் பிறக்கும் சிசு ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகிறது. விலா உள்ளிழுக்கும், முனகல் கேட்கும்.

அப்போது உறவினர் வென்டிலேட்டர் உண்டா என்றே முதலில் கேட்கின்றனர். தலையாய சிகிச்சை அதுவன்று. குழந்தை பிறக்குமுன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியே என்பது எங்கள் கருத்து. இதன் பயன் முதலில் தெரியவந்தது ஆட்டுக்குட்டிகளிடம். நியூசிலாந்தின் லிகின்ஸ், பிரசவம் எவ்வாறு தொடங்குகிறது என்று ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டி எதிர்பாராமல் மூச்சுவிட்டது. 1972இல் அவரும் ஹோவியும் தாய்மார்களிடம் கண்ட பயனை வெளியிட்டனர். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்டால் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒரு முறையாக நான்கு முறை போடப்படுகிறது. மேல் மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராமச் சுகாதாரச் செவிலியரே போடலாம் என 2014இல் மத்திய அரசு வழிகாட்டியது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே மறுக்கும் குடும்பங்கள் உண்டு. நீரிழிவுள்ள தாய்க்குச் சில நாள் சர்க்கரை கூடலாம். அதைக் கவனித்துக்கொள்ள இயலும்.

அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சில கிலோமீட்டரே. காலத்தை விழுங்குவது தூரமன்று. பெங்களூருவில் வேலை செய்யும் கணவர் வரட்டும், ராகுகாலம் கழியட்டும் என்ற காத்திருப்பே. பிறந்த சிசுவை எடுத்துச் செல்வதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அழைத்துச் செல்வது பாதுகாப்பானது. 108ஐ உடனே அழையுங்கள்.

பிறந்தபின் மூக்கில் பொருத்தும் சிபாப் கருவியில் நீர் குமிழியிடுவதைக் காண்பீர்கள். அந்த நீரின் ஆழமே நுண்ணறைகளைத் திறந்து வைக்கும் அழுத்தத்தைத் தருகிறது. வென்டிலேட்டரைவிட இது தாழ்ந்த சிகிச்சையென எண்ண வேண்டா. குழாய் செலுத்தாமல் நுரையீரலைக் காப்பதே இதன் சிறப்பு. இதுவும் போதாதபோது மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட் மூச்சுக்குழாயில் செலுத்தப்படும். நிலை சற்றுத் தேறியதும் தாய் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் மருந்தே.

ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டா. மிகுந்தால் விழித்திரை கெடும். பிறந்த 30 நாளுக்குள், மிகச் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே, கண் பரிசோதனை நடக்க வேண்டும். வீடு திரும்பும்போது அந்த நாளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.