வெனிஸில் 5 யூரோ... ஊட்டியில் இ-பாஸ்! தாம்பரத்திலிருந்து கிளம்பும் முன் ஒரு நிமிடம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இந்த வருஷம் ஊட்டியா, கொடைக்கானலா?" என்பதுதான். ரூம் போட்டாச்சு, காரை சர்வீஸுக்கு விட்டாச்சு, புளிக்காய்ச்சலும் ரெடி. ஆனால் மலை ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்? அதைப் பலரும் கல்லாறு சோதனைச்சாவடியில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

ஐரோப்பா டூர் போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ரோம் நகரின் ஸ்பானிஷ் படிக்கட்டுகளில் உட்கார 2019 முதல் தடை. மீறினால் 400 யூரோ வரை அபராதம். வெனிஸில் செயின்ட் மார்க் சதுக்கத்துப் புறாக்களுக்குத் தீனி போடக் கூடாது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமுள்ள நாள்களில் அங்கே காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு 5 யூரோ கட்டணமும் உண்டு. இதையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு விமானம் ஏறும் நாம், நம்மூர் மலைக்கு மட்டும் 'அங்க போய் பார்த்துக்கலாம்' என்று கிளம்பிவிடுகிறோம்.

சரி, என்னென்ன விதிகள்?

இ-பாஸ் கட்டாயம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும். கட்டணம் கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று தமிழக அரசின் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும்.

2025 சீசனில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எனவே ரூம் புக் செய்யும் முன் பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டுக்கான வரம்பு என்ன என்பதையும் அதே தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இந்தக் கவலையே இல்லை. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலை ரயில். டிக்கெட்டை மட்டும் ரொம்ப முன்பே எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் பாட்டில் உஷார்

மாநிலம் முழுக்க 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரியின் விதி அதைவிடக் கடுமை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கும் அங்கே தடை உண்டு. கொடைக்கானலில் அப்படியொரு பாட்டில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-ல் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது.

வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் வழியெங்கும் தண்ணீர் ஏ.டி.எம்-கள் இருக்கின்றன. புளியோதரைக்கு டப்பாவும் வாழை இலையும் போதும்.

எந்த ரோட்டில் போகலாம்?

சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை மாற்றுவது வழக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. மேப் அந்தப் பாதையைக் குறுக்கு வழியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். முதுமலை தாண்டி மைசூரு போகும் திட்டம் இருந்தால், பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள்.

அபராதம் இல்லாவிட்டாலும்...

காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி குரங்குக்குச் சிப்ஸ் போடுவது குற்றம். யானையோடு செல்ஃபி எடுப்பது உயிருக்கே ஆபத்து. தேயிலைத் தோட்டம் இன்னொருவர் வேலை செய்யும் இடம். போட்டோவுக்காகச் செடிகளை மிதித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். தோடர்களின் மந்து என்பது அவர்கள் குடியிருக்கும் ஊர். கேட்காமல் படம் எடுப்பதும் கோயிலருகே போவதும் முறையல்ல.

ஏன் இத்தனை கெடுபிடி?

சீசன் நாள்களில் நீலகிரிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருவதாக 2024-ல் நீதிமன்றத்தில் அரசே சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் இ-பாஸ் உத்தரவே வந்தது.

இந்த எண்ணிக்கையின் அர்த்தம் நமக்குப் புரியாததல்ல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய நாள் மாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் என்ன நடக்கும்? சென்னையே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குக் கிளம்பும். நாமோ பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போய்விட்டு, ரோட்டைக் கடக்க முடியாமல் நிற்போம். ஆம்புலன்ஸ் சைரன் ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். 'இவங்க போற வழியில நாம குடியிருக்கிறது யாருக்கும் ஞாபகமே இல்லையே' என்று தோன்றும்.

நமக்கு இது வருஷத்தில் சில நாள்கள். குன்னூரிலும் ஊட்டியிலும் இருப்பவர்களுக்கு சீசன் முழுக்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் அதே ஒற்றை மலைப்பாதைதான். கோடையில் தண்ணீருக்கும் அங்கே தட்டுப்பாடு. நாம் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கிவிடுவோம். நாம் போட்டுவிட்டு வரும் குப்பையோடு வாழப்போவது அவர்களும் காட்டு விலங்குகளும்தான்.

எனவே இந்த முறை பையில் ஸ்வெட்டர் வைக்கும்போதே இ-பாஸை போனில் சேமித்துவிடுங்கள். ஒரு பிரதி பிரிண்ட் எடுத்துக் காரிலும் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது!