கொலஸ்டிராலும் நம் உண்கலமும்

உடல்நலம் பற்றிய பேச்சு எழுந்தவிடத்தெல்லாம் இக்காலத்து நம்மவர் வாயில் வழங்கும் சொல் கொலஸ்டிரால் என்பது. இச்சொல்லைக் கேட்ட அளவிலே பலர் முட்டையின் மஞ்சட்கருவை அஞ்சி ஒதுக்குகின்றனர். அதே கலத்தில் வெண்சோற்றை மும்முறை இட்டுண்ண அவர்கள் சிறிதும் தயங்குவதில்லை. அச்சம் வேண்டுவதே, ஆயின் அஃது இடம் மாறி நிற்கின்றது என்பதே ஈண்டு நாம் எடுத்துரைக்க விரும்பும் கருத்து.

கொலஸ்டிரால் நஞ்சன்று. நம் உயிரணுக்களின் சுவரை அமைத்தற்கும், பித்தநீரை ஆக்குதற்கும் அஃது இன்றியமையாதது. நமக்கு வேண்டுவதில் பெரும்பகுதியை ஈரலே ஆக்கிக் கொள்கின்றது. உணவினின்று நேரே வருவது சிறுபகுதியே. இதனை உணர்ந்தே, 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்கு அமெரிக்க அரசினர் வகுத்த உணவு நெறியில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்னும் பழைய வரம்பு கைவிடப்பட்டது. ஆதலின் மஞ்சட்கருவொன்றையே குற்றவாளியாக்குதல் நேரிதன்று.

கொழுப்பு நீரிற் கரையாது. ஆகவே அது புரதத்தோடு கூடிய நுண்பொதிகளாகவே குருதியில் உலவும். எல்.டி.எல். என்னும் பொதி மிகுந்தால், கொலஸ்டிரால் குருதிக்குழாயின் சுவரிற் படிந்து, நாளடைவில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிகோலும். எச்.டி.எல். என்னும் பொதி மிகையானதை ஈரலுக்கு மீட்டுச் செல்வது. ஈரலின் அணுக்கள் எல்.டி.எல்.லை எங்ஙனம் பற்றி இழுக்கின்றன என்பதைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் அறிஞர் இருவர் 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். நெய், பாமாயில், தேங்காயெண்ணெய் முதலியவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு, ஈரலின் அப்பற்றும் ஆற்றலைக் குறைக்கின்றது, அதனால் எல்.டி.எல். குருதியிலே தேங்குகின்றது.

இத்துடன் நின்றால் மேனாட்டார் நோயை அறிந்தோமேயன்றி நம் நோயை அறிந்தோமாகோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகிய பகுதிகளில் 2,042 பேரை ஆய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு கருதற்பாலது. எல்.டி.எல். மிகுந்தவர் நூற்றுக்கு 11.8 பேரே. நன்மை செய்யும் எச்.டி.எல். குறைந்தவரோ 72.3 பேர், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தவர் 29.5 பேர். இவ்விரு குறைகளும் எண்ணெயால் மட்டும் வருவனவல்ல. உழைப்புக்கு மிஞ்சிய மாவுப்பொருளையும் சர்க்கரையையும் ஈரல் டிரைகிளிசரைடாக மாற்றுகின்றது. அது மிகுந்தவிடத்து எச்.டி.எல். குறைகின்றது. பிறப்புவழி இயல்பும், உடலுழைப்பின்மையும் இதற்குத் துணைசெய்வன. எனினும் தீட்டிய அரிசியே பெரும்பகுதியாய் அமைந்த நம் உண்கலத்தைக் குற்றமற்றதென்று விடுதல் இயலாது.

சுந்தரர் பிறந்த திருநாவலூரை எடுத்துக் கொள்வோம். அவருக்குக் குண்டையூர்க் கிழார் அளித்து வந்த நெல்லைப் பற்றிப் பெரியபுராணம் பேசும். நெல் நம் நாட்டில் செல்வமும் சிறப்புமாய் நின்ற பொருள். ஆயினும் திருநாவலூர் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் நெல் மட்டும் விளையும் நிலமன்று. இப்பக்கத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை இங்கு விளைகின்றது. மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைப்போர். நிலக்கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பாமாயிலில் ஏறத்தாழச் சரிபாதி. இருந்தும், கடலை விளையும் ஊரின் நியாயவிலைக் கடையிலே அரிசியும் பாமாயிலுமே வழங்கப்பட்டு வருதலைக் காண்கின்றோம். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற நம் முன்னோர், கடல் கடந்து வரும் பாமாயிலைக் கருதி அதனைச் சொல்லவில்லை.

வறியோர் பசி தீர்த்தது அந்த அரிசியன்றோ என்று சிலர் வினவுவர். உண்மையே, அதனை நாம் இகழ்கிலோம். பசி தீர்ந்தபின் அடுத்த கடமை நோய் தடுத்தல் என்பதே நம் கூற்று. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பட்டது. அவ்வாறே கல்வராயன் மலைச் சாமையை இம்மாவட்டத்து நியாயவிலைக் கடைகளிலும் ஏன் வழங்கலாகாது? மலைவாழ் உழவர்க்கு விலையும், சமவெளி மக்கட்கு நார்ச்சத்தும் ஒருங்கே கிடைக்குமன்றோ?

சாமையுண்டால் எந்நோயும் தீருமென்று கூறுவாரையும் நாம் ஏற்கிலோம். சிறுதானியமும் அளவு மீறின் மாவுப்பொருளே. செக்கெண்ணெயும் அளவு மீறின் கேடே. ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிப்படி, நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி வேண்டுவோர்க்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம் போதுமானவை. பிறப்பிலேயே எல்.டி.எல். மிகுந்தோர்க்கும், மாரடைப்புற்றோர்க்கும் உணவு மட்டும் போதாது. சப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1973-இல் பூஞ்சையினின்று கண்ட பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்துகள் பலர் உயிரைக் காத்து வருகின்றன. மருத்துவர் தந்த மருந்தை, கேழ்வரகுக் கூழை நம்பித் தாமே நிறுத்துவோர் தமக்குத் தாமே தீங்கிழைப்போராவர்.

இந்நோய் வலியின்றி வளர்வது. குருதிச் சோதனையாலன்றி வெளிப்படாதது. இளமையிற் படிவது முதுமையிற் கொல்லும். ஆதலின் மாணாக்கர்க்கு இது தந்தையர் கவலையென்று ஒதுக்கத்தக்கதன்று. விடுதிகளில் வாரத்திற் சிலநாளேனும் சாமைச் சோறு இடுக. சோற்றைக் குறைத்துப் பருப்பும், கீரையும், சுண்டலும் மிகுத்திடுக. ஒருமுறை பொரித்த எண்ணெயில் மீண்டும் பொரியாதொழிக. ஊர் திரும்பும் மாணாக்கர், தம் பெற்றோரை ஒருமுறையேனும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று குருதிக்கொழுப்பைச் சோதிப்பாராக. கற்ற கல்வி வீட்டின் அடுக்களையிலும் பயன்படுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.