சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள்

நிந்தவூர்ப் பள்ளிவாசல்களில் வுழூச் செய்துவிட்டு வரும் பிள்ளைகளின் ஈரக்கால் தடம் சிமெந்துத் தரையில் பதியும். சாதாரணப் பாதமென்றால் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே வெளியோரமாக ஒரு பட்டை விழும். உள்வளைவு மிகுந்த பாதத்தில் அந்தப் பட்டை மெலிந்துபோகும், சிலருக்கு விழவே விழாது. சிறுவயது முதல் இரண்டு காலும் ஒன்றுபோல் இப்படியே இருந்து, வலியும் தடுமாற்றமும் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வளைவு வருடா வருடம் கூடிக்கொண்டு வந்தால், கோளாறு பெரும்பாலும் நரம்பில்தான் இருக்கும். ஆகவே பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு பிள்ளையையும் வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

வளைவு இப்படிக் கூடுவதற்கு முதன்மையான காரணம், 1886இல் பாரிஸில் சார்க்கோவும் மரீயும், இங்கிலாந்தில் டூத்தும் விவரித்த பரம்பரை நரம்பு நோய். பாதத்தை மேலே தூக்கும் தசையும் வெளிப்பக்கம் திருப்பும் தசையும் முதலில் சோர்ந்துவிடும். எதிர்ப்பக்கத் தசைகளின் இழுப்பில் பெருவிரலின் அடி கீழே அமுங்கும், குதிகால் உள்ளே சாயும், விரல்கள் கொக்கிபோல் மடங்கும். செருப்பு வெளியோரத்தில் மட்டும் தேயும், கணுக்கால் அடிக்கடி பிசகும். இதைப் "போலியோக் கால்" என்று ஒதுக்கிவிடுவது இனிப் பொருந்தாது. 1993க்குப் பின் இலங்கையில் போலியோ இல்லை. ஒரு காலில் மட்டும் வளைவு கூடினால் முள்ளந்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும். முண்ணாணில் கட்டியோ பிடிப்போ இருக்கக்கூடும். இந்தப் பரம்பரை நோயின் சில வகைகளுக்குச் சொந்தத்துக்குள் முடிக்கும் கல்யாணம் வாய்ப்பைக் கூட்டுகிறது, உண்மைதான். ஆனாலும் அதிகம் காணப்படும் வகை வாப்பா அல்லது உம்மா ஒருவரிடமிருந்தே வரும். குடும்பத்தைக் குற்றம் சாட்ட இதில் இடமில்லை.

வளைவு முன்பாதத்திலா, நடுப்பாதத்திலா, குதிகாலிலா என்று வைத்தியர்கள் பிரிப்பார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, பாதம் இன்னும் இளகுகிறதா, இறுகிவிட்டதா என்பது. 1977இல் கோல்மன் அறிமுகப்படுத்திய சோதனைக்கு ஒரு மரக்கட்டை போதும். குதிகாலும் வெளியோரமும் கட்டையில் ஊன்ற, பெருவிரல் பக்கம் கீழே தொங்கும்படி பிள்ளையை நிறுத்த வேண்டும். குதிகால் நிமிர்ந்தால் மூட்டு இன்னும் இளக்கமாகவே இருக்கிறது. அப்போது உள்ளங்கால் சவ்வைத் தளர்த்தி, தசைநாணை இடம் மாற்றி, பெருவிரலடி எலும்பைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் போதும். குதிகால் நிமிராவிட்டால் குதியெலும்பையும் வெட்டி நகர்த்த வேண்டும். முற்றாக இறுகிய பாதத்தில் மூன்று மூட்டுகளை ஒட்டிவிடுவதே மிச்சமிருக்கும் வழி. ஒட்டிய மூட்டுகள் தாங்கிய பாரமெல்லாம் கணுக்காலுக்கு ஏறி, ஆண்டுகள் செல்ல அதுவும் தேய்ந்துவிடும். சிறிய சத்திரசிகிச்சைக்கும் பெரியதற்கும் இடையில் இருப்பது காலதாமதம் ஒன்றுதான்.

டெங்கும் போசாக்கின்மையும் இருக்கையில் பாதம் பார்க்க நேரமேது என்று சுகாதாரத் துறையினர் கேட்கலாம். பிள்ளையைக் குதிகாலால் பத்து அடி நடக்கச் சொல்ல ஒரு நிமிடம் செல்லாது. முடியாத பிள்ளையை மட்டும் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பினால், அங்கிருந்து நரம்பியல், என்பியல் நிபுணர்களிடம் வழிகாட்டலாம். நோய் மாறாதென்றால் வெட்டுவதில் என்ன பயன் என்பது பெற்றோரின் கேள்வி, நியாயமான கேள்வி. சத்திரசிகிச்சை நரம்பைக் குணமாக்காது. தரையில் சமமாக ஊன்றும், வரப்பில் பிசகாமல் நடக்கும் ஒரு பாதத்தைத் தரும். தசை மேலும் சோர்ந்தால் சிலருக்கு இன்னொரு தடவையும் தேவைப்படலாம், இதை முதல் நாளே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும்.