ஊசி மருந்தும் மூக்கிரட்டைக் கஷாயமும்

திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரிலிருந்து கிழக்கே பிரியும் சாலையில் சென்றால் ஊட்டத்தூரை அடையலாம். அங்கே சுத்தரத்தினேஸ்வரர் ஆலயத்தில் எழுந்தருளியுள்ள பஞ்சநதன நடராஜரைச் சிறுநீரக நோயுற்றோர் நாடி வருகின்றனர். வெட்டிவேரை 48 துண்டுகளாக்கி மாலையாகக் கட்டிப் பெருமானுக்குச் சாற்றி, பின்னர் நாளொன்றுக்கு ஒரு துண்டைத் தீர்த்தத்தில் ஊறவைத்து 48 நாட்கள் அருந்துவது வழக்கம்.

அவ்வாறு மாலை சாற்ற வந்தவர்களுள் 68 வயது அம்மையார் ஒருவரும் இருந்தார். துணைக்கு மருமகள் வந்திருந்தார். அம்மையாருக்கு இருந்தது நாட்பட்ட சிறுநீரக நோய் அன்று. இரண்டு மாதங்களுக்கு முன் நேர்ந்து, நல்வாய்ப்பாக விலகிய ஓர் ஆபத்து.

சிறுநீர்த் தொற்றினால் குளிர்காய்ச்சல் கண்டு, மருத்துவர் அவருக்கு அமிகாசின் ஊசியை நாளொன்றுக்கு ஒன்றாக ஏழு நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிற்று. ஆண்டுதோறும் தவறாமல் இருக்கும் விரதம்; காய்ச்சலுக்காக விட அம்மையாருக்கு மனமில்லை. உணவை விட்டார், தாகத்தையும் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு வீட்டிலிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் போட்டுக்கொண்டார். "ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், மூக்கிரட்டைக் கஷாயம் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்று அண்டை வீட்டார் கூறியதால் அதுவும் காலைதோறும் உள்ளே சென்றது. இத்தனையும் மருத்துவருக்குத் தெரியாது.

அண்டை வீட்டார் சொன்னதில் முற்பாதி உண்மையே. அமிகாசின், ஜென்டமைசின் போன்ற மருந்துகள் உடலில் சிதைவதில்லை. சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. அவ்வாறு செல்லும்போது ஒரு பகுதி அங்குள்ள நுண்குழாய்களின் செல்களில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. ஐந்து, ஏழு நாட்கள் ஆனபின் அச்செல்கள் நலியத் தொடங்கலாம். இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு: சிறுநீரின் அளவு பெரும்பாலும் குறைவதே இல்லை. வழக்கம்போல் பிரிகிறதே என்று நோயாளி நிம்மதியாக இருப்பார். இரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் ஓசையின்றி ஏறிக்கொண்டிருக்கும். முதியோர், நீரிழிவு உள்ளோர், உடலில் நீர்ச்சத்து வற்றியோர், வலி நிவாரணி உட்கொள்வோர் ஆகியோருக்கு இவ்வாபத்து மிகுதி. அம்மையாரிடம் இந்நான்கில் மூன்று இருந்தன. நீரிழிவு ஒன்றுதான் இல்லை.

பிற்பாதியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மூக்கிரட்டைக்கு வடமொழியில் புனர்நவா என்று பெயர். மீண்டும் புதிதாக்குவது என்பது பொருள். வீக்கத்தை வடிக்கவும் நீரைப் பெருக்கவும் நம் முன்னோர் அதைப் பயன்படுத்தினர். நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் சித்த மருத்துவத்தில் இன்றும் வழங்கப்படுகிறது. ஜென்டமைசின் செலுத்தப்பட்ட எலிகளுக்கு மூக்கிரட்டை, நெருஞ்சில், கருஞ்சீரகம், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிறுநீரகச் சேதம் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவை எலிகள். அளந்து கொடுத்த சாறுகள். தெருவோரத்தில் பறித்து, கைப்பிடி கணக்கில் கொதிக்கவைத்த கஷாயம் மனிதரின் சிறுநீரகத்தை ஊசி மருந்திலிருந்து காக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. தவிரவும், நீரைப் பெருக்கும் மூலிகையை, நீரே அருந்தாத உடலுக்குக் கொடுப்பது வற்றிய கிணற்றில் இறைவை வைத்ததற்கு ஒப்பாகும்.

பச்சிலை என்றாலே தீங்கற்றது என்ற எண்ணமும் சரியன்று. ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகை கலந்த மெலிவு மருந்தை உட்கொண்ட பெண்கள் சிலருக்கு பெல்ஜியத்தில் சிறுநீரகம் அடியோடு பழுதானது 1993-இல் வெளியான செய்தி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நட்சத்திரப் பழம் நஞ்சாகவே முடியலாம். பொட்டாசியம் மிகுந்திருப்பதால் இளநீரும் அவருக்கு ஏற்றதன்று.

இயற்கையான காவல் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது தண்ணீர் ஒன்றே. இதய நோயினாலோ வேறு காரணத்தாலோ மருத்துவர் அளவு குறித்திருந்தாலொழிய, ஊசி போடும் நாட்களில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் பருகிவர வேண்டும். தண்ணீர், கிழங்கு, கனி, பால், மருந்து ஆகியவை விரதத்தைக் குலைப்பதில்லை என்று மகாபாரதத்தின் உத்தியோக பருவமே இடமளிக்கிறது. அம்மையாரின் மருமகளுக்கு அது தெரிந்திருந்தது. "அத்தை, முருகன் கோபிக்க மாட்டார், இந்தச் செம்புத் தண்ணீரை மட்டுமாவது குடியுங்கள்" என்று அவர் கெஞ்சியது ஆறாம் நாள்தான் பலித்தது.

அன்றே இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது. சிகிச்சைக்கு முன் 0.9 ஆக இருந்த கிரியேட்டினின் 1.7 ஆகியிருந்தது. மருத்துவர் ஊசியை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். வலி மாத்திரையையும் கஷாயத்தையும் அப்போதுதான் கேட்டறிந்து விலக்கினார். மாற்ற வேண்டியவர் அவரே என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். சிறுநீரகத்திற்கு அஞ்சி நோயாளியே ஊசியை நடுவில் விட்டிருந்தால், அடங்காத தொற்று மேலேறி அதே சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கும். இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. இவ்வகை ஊசி ஐந்து நாட்களுக்கு மேல் நீளுமானால், 'கிரியேட்டினின் எப்போது பார்க்க வேண்டும்?' என்று வீட்டிலுள்ள ஒருவர் கேட்பது நல்லது. காதில் இரைச்சல் தோன்றினாலும், கேட்கும் திறன் மந்தமானாலும் உடனே சொல்ல வேண்டும். சிறுநீரகச் சேதம் பெரும்பாலும் சில வாரங்களில் சீராகும், செவிக்கு நேர்ந்த சேதமோ மீள்வதில்லை.

மூன்று வாரங்களில் அம்மையாரின் கிரியேட்டினின் 1.0-க்கு இறங்கியது. அதற்கு நன்றி செலுத்தவே ஊட்டத்தூர்ப் பயணம். மாலை சாற்றியபின் வெட்டிவேரைப் பிரசாதமாகப் பெற்றுக்கொண்ட மருமகள், நாளொன்றுக்கு எவ்வளவு தீர்த்தம் அருந்தலாம் என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டு வந்திருந்தார். ஒரு லோட்டா என்றாராம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவர் ஒருவர் அருகில் நின்றிருந்தார். தீர்த்தத்தையும் தமக்கு விதித்த நீர்க்கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, உள்ளங்கையளவு மட்டும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு பருகினார்.