மேடையில் சம்மணமிட்ட கிதார்

2024 பிப்ரவரியில் 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பம் கிராமி விருது வாங்கியபோது, நம் ஊடகங்கள் பெரும்பாலும் அதைச் சங்கர் மகாதேவனின் வெற்றியாகவும் ஜாகிர் உசேனின் வெற்றியாகவுமே கொண்டாடின. குழுவைத் தொடங்கிய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு வரியும் வழக்கமான பல்லவிதான்: நம் இசையில் மயங்கிய வெள்ளைக்காரர்.

மயங்கியது உண்மைதான். ஆனால் அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று பார்த்தால் கதையே வேறு.

1942 ஜனவரியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர் மெக்லாஃப்லின். தாய் வயலின் வாசிப்பவர். லண்டன் கிளப்புகளில் ஊர் பேர் தெரியாத கூலி வாசிப்பாளராகப் பல ஆண்டுகள் தேய்ந்த பிறகு, 1969 தொடக்கத்தில் 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். டிரம்மர் டோனி வில்லியம்ஸ் அழைக்க, அடுத்த மாதமே நியூயார்க்குக்குப் போனார். வந்து இறங்கிய கையோடு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' ஒலிப்பதிவில் உட்கார்ந்திருந்தார். ஜாஸ் உலகில் இதைவிடப் பெரிய வாசல் அப்போது கிடையாது. அதே ஆண்டு பதிவான 'பிட்சஸ் ப்ரூ'வில் ஒரு பாடலுக்கு மைல்ஸ் வைத்த பெயரே 'ஜான் மெக்லாஃப்லின்'. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாடலில் மைல்ஸ் ஊதவே இல்லை.

1971இல் அவர் சொந்தமாகத் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று அவர் ஆன்மிக குரு ஸ்ரீ சின்மோயின் சீடர். 'மகாவிஷ்ணு' குரு வைத்த பெயர். வெள்ளை உடை, இரட்டைக் கழுத்து மின் கிதார், காதைப் பிளக்கும் சத்தம். 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 18 எண்ணிக்கையில் சுழல்கிறது. நம் மிருதங்க வித்வான்கள் விரலில் போட்டு முடித்துவிடுவார்கள். நான்கு தட்டுக்கு மேல் எண்ணிப் பழகாத ராக் ரசிகர்களுக்கு அது அதிர்ச்சி. அதிர்ந்தாலும் வாங்கினார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் 20 இடங்களுக்குள் வந்த ஆல்பம் அது. பாட்டு வரிகளே இல்லாத இசைக்கு அப்படி ஓர் இடம் அபூர்வம்.

இந்த உச்சியில் இருந்துகொண்டுதான் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். மேடையில் பத்தாயிரம் பேரை மிரள வைக்கிற கை, வகுப்பில் அரிச்சுவடியைத் தொடங்கியது. அந்தப் படிப்பின் விளைவுதான் 'சக்தி'.

முதல் குழுவில் அவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். வயலினில் எல். சங்கர், மெட்ராஸில் பிறந்து, தந்தை லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்தவர். கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன், தபலாவில் ஜாகிர் உசேன். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஒரு கல்லூரிக் கச்சேரியில் முதல் ஆல்பம் பதிவானது. மின்சார கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். கிதாரில் இடி முழக்கம் கேட்க ஆசைப்பட்ட பழைய ரசிகர்களில் பலர் கழன்றுகொண்டார்கள்.

இழப்பு அவர்களுக்குத்தான். முதல் பாடல் 'ஜாய்' 18 நிமிடம் ஓடுகிறது. கிதாரும் வயலினும் ஒரே சங்கதியைத் தலைதெறிக்கும் வேகத்தில் சேர்ந்து வாசிக்கும்போது, எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

அந்தக் கிதாரைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கிதார் செய்யும் ஏப்ரகாம் வெக்டர் அவருக்காக உருவாக்கிய கருவி அது. வழக்கமான ஆறு தந்திகளோடு, ஒலித்துளையின் மேல் குறுக்காக இன்னும் ஏழு தந்திகள். வேண்டிய சுருதியில் கூட்டி வைத்துக்கொண்டு, இடையிடையே விரலால் வருடிவிடலாம். அதைவிட முக்கியமானது கழுத்துப் பலகை. ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிவிட்டார்கள். சாதாரண கிதாரில் விரல் போய் மரத்தில் முட்டும். இதில் முட்டாது, தந்தியை அழுத்தியும் இழுத்தும், வீணையில் செய்வதுபோல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். கமகத்துக்காகக் கருவியின் உடம்பையே மாற்றிக்கொண்ட மனிதரை 'இந்திய வாசனை சேர்த்தவர்' என்று சொல்லிவிட முடியுமா?

அதே சமயம் அவர் கர்நாடக சங்கீத வித்வானாக வேடம் போடவும் இல்லை. சக்தியில் அவர் வாசிப்பது ஜாஸ்தான். ராகத்தின் எல்லையில் நின்றுகொண்டே கார்டுகளைத் தொட்டுவிட்டு வருவார். தாளத்தைப் பிடித்துக்கொண்டே ப்ளூஸ் வளைவு ஒன்றை நுழைப்பார். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத இந்த நேர்மைதான், 'ஃப்யூஷன்' என்ற பெயரில் நம்மூர் மேடைகளில் நடக்கும் பல கூத்துகளிலிருந்து சக்தியைப் பிரிக்கிறது. அங்கே கீபோர்டு ஒரு பக்கம் போகும், வயலின் இன்னொரு பக்கம் போகும், கடைசியில் ஒரு பெரிய தீர்மானம் வைத்துக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். ஒருவர் பாடத்தை இன்னொருவர் படித்திருக்க மாட்டார்.

மூன்று ஆல்பங்களோடு 1978 வாக்கில் சக்தி கலைந்தது. பிறகு பாகோ தெ லூசியா, ஆல் டி மியோலாவுடன் மூன்று கிதார்கள் மட்டும் வாசித்த 'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' லட்சக்கணக்கில் விற்றது. வேகப் போட்டியை ரசிப்பவர்களுக்கு அது விருந்து, கொஞ்சம் சர்க்கஸும்கூட.

1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்று குழு திரும்பி வந்தது. சில காலத்தில் விநாயக்ராம் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார், மாண்டலினோடு யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், பிறகு சங்கர் மகாதேவன். ஸ்ரீநிவாஸின் மாண்டலினுக்கு மெக்லாஃப்லின் பதில் சொல்லும் இடங்கள் அற்புதமானவை. ஆனால் மின் கிதாருக்குத் திரும்பியதில் ஏதோ குறைந்துவிட்டது. ஓரமெல்லாம் மழித்த, மெத்தென்ற ஒலி அது. 1975 கிதாரில் கேட்ட மரமும் கம்பியும் அதில் இல்லை. 2007இல் சென்னையில் இந்தியக் கலைஞர்களோடு பதிவு செய்த 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' ஆல்பத்திலும் இந்தக் குறை உண்டு. வாசிப்பு துடிக்கிறது, ஒலி பளபளக்கிறது.

'திஸ் மொமென்ட்' இந்த வரிசையில் பிறகு வந்தது. 1977க்குப் பிறகு 'சக்தி' என்ற பெயரில் வந்த முதல் ஸ்டூடியோ ஆல்பம். கணேஷ் ராஜகோபாலனின் வயலின் அதில் புது ரத்தம். எனினும் பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கொரு நாட்டில் இருந்தபடி பதிவு செய்து அனுப்பிச் சேர்த்த இசைக்கு, ஒரே மேடையில் முட்டியோடு முட்டி உரச உட்கார்ந்து வாசித்த இசையின் சூடு வருவதில்லை. விருது அந்த ஆல்பத்துக்குக் கொடுக்கப்பட்டது என்றாலும், அரை நூற்றாண்டுக் கணக்கைத் தீர்த்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். விருது கிடைத்த அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். மூட்டு வாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு எண்பதைத் தாண்டியவர் மெக்லாஃப்லின். இந்தக் குழுவை இனி மேடையில் பார்ப்பது கடினம்.

ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. கிராமி செய்தி படித்துவிட்டுச் சக்தியைத் தேடுகிறவர்கள் பின்னாலிருந்து தொடங்க வேண்டாம். 1975 கச்சேரியிலிருந்து தொடங்கலாம்; அதில் மூன்றே பாடல்கள். மூன்றாவது மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம். அடுத்து 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'; கொன்னக்கோலில் தொடங்குகிற ஆல்பம் அது.