கல்வளைவுப் பாலங்களை இடிக்க விடாதீர்கள்

பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை வாழ் மக்களுக்கு,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்துப் போட்டது. உடைந்த வீதிகளும் பாலங்களும் விரைவாகத் திருத்தப்பட வேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்கும் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். அந்த அவசரத்தில், இன்னமும் உறுதியாக நிற்கும் பழைய கல்வளைவுப் பாலங்களையும் சேர்த்து இடித்துவிடக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. போகொட மரப்பாலத்தையும் போற்றிக் காக்கிறோம். கோப்பிக் காலத்து வண்டிப் பாதைகளில், ஓடைகளுக்கு மேலே நிற்கும் சிறு கற்பாலங்களைத்தான் கேட்பாரில்லை.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே தானாகப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. ஊவாவில் ஆங்கிலேயர் போட்ட பாதையும் பாலமும் அதற்குப் பிந்தியவை. வர்த்தமானியில் அறிவித்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. நாம் கேட்காமல் அந்த அறிவிப்பு வராது.

அந்நியர் கட்டியதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். கல் சுமந்தது யார்? 1832இல் ஒழிக்கப்படும்வரை, இராஜகாரியம் என்று சொல்லிச் சிங்களக் கிராமத்தவரை வீதி வேலைக்கு இழுத்தார்கள். 1848இன் வீதிச் சட்டம் வருடத்துக்கு ஆறு நாள் உழைப்பை, இல்லையேல் காசைக் கேட்டது. வீதிகளை அமைத்த ஆங்கிலேய அதிகாரி தோமஸ் ஸ்கின்னர் காலத்துப் பயனியர் அணிகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் பாறை உடைத்தார்கள். வளைவின் அடியில் இறங்கிப் பாருங்கள், கற்களில் உளித் தடம் தெரியும். அக்காலத்து ஆங்கிலேய அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் நினைவாகப் பதுளையில் சென்ற் மார்க்ஸ் தேவாலயமே எழுந்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு இந்தப் பாலங்களை விட்டால் வேறு நினைவுச் சின்னம் கிடையாது.

உங்கள் தோட்டத்துப் பாலத்தைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுதுங்கள். இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே அகற்றுங்கள். வேர் தடித்தபின் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் சீமெந்து பூச விடாதீர்கள். உள்ளே இறங்கிய நீரை அது வெளியே விடாது. நாளடைவில் கல்லே பொரிந்து உதிரும். வீதியை அகலமாக்க வேண்டுமானால், பக்கத்தில் புதுப் பாலம் கட்டித் தரும்படி கேளுங்கள். கொழுந்து லொறிகள் அதில் போகட்டும். பழையதில் ஆட்கள் நடக்கட்டும்.

இப்படிக்கு,
பதுளை மாவட்டத் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் உங்கள் அயலவர்கள்